சம்பந்தி லைட்டு

காலடிப்பேட்டை
19.01.2025

அன்பு மகள் மகிழினிக்கு,

நைனா எழுதுகிறேன். நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், வண்டிக்குத்தான் சௌக்கியம் இல்லை.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதற்கப்புறம் நம் குடும்ப விஷயம் எதிர்வீடு வரைக்கும் போகிறது. இன்னொன்று, வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். "எதுவா இருந்தாலும் எழுத்துல வையுங்க கோதண்டம்" என்றார். ஒரு கட்டுப் பேப்பர் வாங்கினேன். வண்டிக் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. மீதிப் பேப்பரை என்ன செய்வது? கடிதம் போட்டால் பதில் போடக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான்.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், விடிகாலை, காசிமேட்டில் பதினெட்டுப் பெட்டி சங்கரா மீன் ஏற்றிக்கொண்டு ஹார்பர் கேட்டைத் தாண்டியிருப்பேன். டாஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது. வண்டிக்கும் பண்டிகை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் ரப்பர் கருகுகிற நாற்றம். வண்டி நின்றுவிட்டது. முன்பக்க ஒயரிங் மொத்தமும் வெந்துபோய், இன்ஜினை ஓட்டுகிற எலக்ட்ரானிக் பெட்டியும் செத்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற தௌசீஃப் மீனைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டு போனான். அவன் இல்லையென்றால் அன்றைக்கு மார்க்கெட்டில் என் பேரும் கெட்டிருக்கும், மீனும் கெட்டிருக்கும்.

வண்டி வாங்கிப் பத்து மாதம்தான். வாரன்டி இரண்டு வருஷம். அந்த தைரியத்தில் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நிலவன் என்று ஒரு பையன், நல்ல பையன்தான், முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கம்பெனி ஒயரை வெட்டி வெளி லைட்டு போட்டிருக்கீங்க சார். வாரன்டி புக்குலயே போட்டிருக்கு, வெளி பார்ட்ஸ் போட்டா கிளெய்ம் கெடையாது" என்றான். சொல்லிவிட்டு பம்பரைக் காட்டினான். பம்பரில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உன் மாமனார் ஆயுதபூஜைக்குக் கொடுத்த இரண்டு மஞ்சள் லைட்டு.

"அது எங்க சம்பந்தி குடுத்தது" என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

அந்த ஆயுதபூஜையை நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷர், என் வண்டிப் பூஜைக்கு லைட்டுப் பெட்டியோடு வந்து, தன் கடை ஆளை வைத்து மாட்டி, குங்குமமும் அவரே வைத்துவிட்டார். நான் வாங்கி வைத்திருந்தது ஒரு எலுமிச்சம்பழம். மறுநாளிலிருந்து காசிமேட்டில் என் வண்டிக்குப் பேர் என்ன தெரியுமா? சம்பந்தி லைட்டு. "சம்பந்தி லைட்டு வருது, ஒதுங்கு" என்கிறார்கள். பத்து மாதமாகத் துடைத்துத் துடைத்து ஓட்டியது நான், பேர் அவருக்கு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீ ஒரு ஸ்டேட்டஸ் போட்டாயே, "எனக்கு ரெண்டு அப்பா" என்று. போட்டோவில் எண்ணிப் பார்த்தேன். ஒருத்தர்தான் இருந்தார். ஓசூருக்கு வராதவன் எப்படி ஓசூர் போட்டோவில் இருப்பான் என்று உன் அம்மா கேட்கிறாள். அது சரிதான். ஆனாலும் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறதே கண்ணு.

ஆகவே நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடப் போகிறேன். முதல் எதிர்தரப்பு கம்பெனி. இரண்டாம் எதிர்தரப்பாக லைட்டுக் கொடுத்த கடையையும் சேர்க்கலாம் என்கிறார் வக்கீல். சொந்தம் வேறு, கேஸ் வேறு. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் நைனா,
கோ. கோதண்டம்
(தற்போது வண்டி இல்லாத டிரைவர்)


ஓசூர்
25.01.2025

அன்புள்ள நைனா,

உன் கடிதம் வந்தது. ஜெரி வேலைக்குப் போனபிறகு படித்தேன். முதல் பக்கம் முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

வண்டி நின்றுபோனது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. காலையில் நான்கு மணிக்கு விழிப்பு வந்தால், இந்நேரம் நைனா ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். இப்போது விழிப்பு வந்தால் எதை நினைப்பது என்று தெரியாமல் படுத்திருக்கிறேன்.

ஆனால் மாமா கடையை கேஸில் சேர்க்காதே.

காரணத்தைச் சொல்கிறேன். இதை மாமா எனக்குச் சொல்லவில்லை, ஜெரி சொன்னார். இராயபுரம் கடையில் பாதி வியாபாரம் அந்த லைட்டுக் கம்பெனியின் ஏஜென்சியால்தான் நடக்கிறது. கடைமேல் ஒரு கேஸ் என்று பேர் வந்தால் போதும், தீர்ப்பு வருகிற வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள், ஏஜென்சியை எடுத்து வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். நாசரேத்திலிருந்து வந்து இருபத்தாறு வருஷமாகக் கட்டிய கடை அது. அது நம்மால் போனால் இந்த வீட்டில் நான் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்?

மாமா தானாகவே சர்வீஸ் சென்டருக்குப் போய், லைட்டு என் கடையுடையது, மாட்டியது என் ஆள், தப்பு இருந்தால் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை.

நீயும் ஒன்றை யோசி. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நீ இந்த வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை. வராமல் இருப்பதும் நீதான், வருகிற மனுஷரைத் திட்டுவதும் நீதான்.

கம்பெனியின் சோதனை ரிப்போர்ட் என் மெயிலுக்குத்தான் வரும், நீ என் ஐடியைத்தானே கொடுத்திருக்கிறாய். வந்ததும் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு முத்தம்.

அன்புடன்,
மகிழினி


காலடிப்பேட்டை
02.02.2025

அன்பு மகள் மகிழினிக்கு,

இன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. மணி பதினொன்று. இந்நேரம் சம்பந்தி உங்களோடு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, ஹாலில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருப்பார். நீ அவருக்கு மோர் கொடுத்திருப்பாய். போன மாதம் உங்கள் பாத்ரூம் குழாயைச் சரிசெய்தார் என்று உன் அம்மா சொன்னாள். இந்த மாதம் எதைச் சரிசெய்கிறார்? குழாயைச் சரிசெய்ய எனக்கும் தெரியும். சொல்லி வைக்கிறேன்.

நான் நலம். நலமாகத்தான் இருக்க வேண்டும், வேலையே இல்லையே. காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் காசிமேட்டுக்குப் போகிறேன். ஏலம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மீன்காரப் பெண்கள் பாவப்பட்டு டீ வாங்கித் தருகிறார்கள்.

நீ எழுதிய அந்தக் கையெழுத்து விஷயம் எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். அதைச் சொல்கிறேன் கேள். பதினோரு நாளாக அந்த சர்வீஸ் சென்டரில் நான் சுவரோரம் நிற்கிறேன். சம்பந்தி வெள்ளைச் சட்டையில் உள்ளே நுழைந்தார். உருளுகிற நாற்காலி ஒன்று தானாக அவரிடம் வந்தது. தானாக இல்லை, நிலவன் தள்ளினான், ஆனால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் குனிந்து வண்டியின் முன்பக்கத்தை டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனா கேட்டு வாங்கி, அச்சடித்த மாதிரி ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டார். எழுந்து என் தோளில் கை வைத்து, "சம்பந்தி, நீங்க மனசைப் போட்டு ஒழப்பாதிய. ஒயரிங் பூரா நான் போட்டுத் தாரேன்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொடுத்து வைத்தவன் என்று பார்த்தார்கள்.

"வேணாங்க, எனக்கு நியாயம்தான் வேணும்" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒன்பதாவது வரைக்கும் படித்ததில் மிச்சம் இருந்தது போல.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, "இன்னாய்யா நியாயம்? அந்த மனுசன் போட்டுத் தரேன்னு சொல்றாரு, வாங்கிக்கினு வண்டிய ஓட்டிக்கினு போவியா, அத்த வுட்டுட்டு. ஒனக்கு வயிறு எரியுது. அதுக்குக் கோர்ட்டுல மருந்து குடுக்க மாட்டாங்க" என்றாள். வரலட்சுமி என்று பேர் வைத்தவர்கள் அவள் வாயைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள்.

பொறாமை எல்லாம் எனக்கு இல்லை. அவர் கடையில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள் என்பதிலோ, அவருக்கு இந்த வயசிலும் தலை முழுக்க முடி இருக்கிறது என்பதிலோ எனக்கு ஒன்றுமில்லை. மாதாமாதம் அல்வாவோடு ரயிலேறுகிறார் என்பதில் மட்டும் கொஞ்சம்.

நான் ஏன் ஓசூருக்கு வருவதில்லை என்று கேட்டிருக்கிறாய். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்று இதுவரை சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் வந்தால் ஒருநாள் இல்லை ஒருநாள் அவரும் இருப்பார். இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைப்பாய். டீ கொண்டு வருவாய். முதல் டம்ளரை யார் பக்கம் நீட்டுகிறாய் என்று நான் பார்க்க வேண்டியிருக்கும். அதைப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கேஸ் இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை, தாக்கல் செய்கிறோம். கடையின் பேரும் இருக்கிறது. நீ சொன்னதை யோசித்தேன். அவர் தப்புச் செய்யவில்லை என்றால் கோர்ட்டே அவரை விட்டுவிடும். எனக்கு மனசு சரியில்லை, ஆனால் முடிவு சரி.

உன் நைனா,
கோதண்டம்
(நியாயம் கேட்பவன்)


ஓசூர்
11.02.2025

நைனா,

கம்பெனி ரிப்போர்ட் வந்துவிட்டது. பன்னிரண்டு போட்டோ அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது போட்டோவைப் பற்றி எழுதுகிறேன். வெட்டிச் சேர்த்த ஒயர் ஜாயின்ட்டைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறார்கள், சிவப்பு அம்புக்குறி போட்டு. மேலே சுற்றிய டேப் உருகி விலகியிருக்கிறது. உள்ளே பச்சை நைலான் நூல் சுற்றியிருக்கிறது. கடைசியில் இரட்டை முடிச்சு.

நம் வீட்டு மிக்சி ஒயரில் அந்த நூல் இருக்கிறது. டேபிள் ஃபேனில் இருக்கிறது. நான் பத்தாவது படிக்கும்போது என் மேஜை விளக்கின் ஒயர் அறுந்துபோனது. நீ அதை முறுக்கி, மீன் வலை நூலைச் சுற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து, அதற்கு மேல் டேப் ஒட்டினாய். "வண்டில போட்டு ஆட்டினாலும் வுடாது, கப்பல இழுக்கிற நூலு" என்றாய். அந்த வருஷம் முழுக்க அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டுதான் படித்தேன். ஒயருக்கு வலை நூல் சுற்றுகிற எலக்ட்ரீஷியனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏழாவது போட்டோவில் மாமா கொடுத்த லைட்டின் ஒயர் தெரிகிறது. அதற்குத் தனி ஃபியூஸ், தனி ஒயர், நேராக பேட்டரிக்குப் போகிறது. கம்பெனி ஒயரைத் தொடவே இல்லை. கருகவும் இல்லை. ஜெரியைப் பொதுவாகக் கேட்டேன். அந்த லைட்டு எப்போதும் அப்படித்தான் மாட்டுவார்களாம், வெட்டவே தேவையில்லையாம்.

வெட்டின ஒயர் மேலே போகிறது நைனா. கூரைக்கு. ஒன்பதாவது போட்டோவில் கூரை இருக்கிறது. அங்கே எதுவும் இல்லை. நான்கு துளை மட்டும் இருக்கிறது.

கம்பெனிக்காரர்களுக்கு எந்த லைட்டு என்பது முக்கியமில்லை. வெளி லைட்டு என்று எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு முக்கியம்.

ஜெரிக்கு வலை நூலைப் பற்றித் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நீதான் சொல்ல வேண்டும், என்னிடம் இல்லை, மாமாவிடம். அதுவரைக்கும் போன் செய்யாதே. நான் எடுக்க மாட்டேன்.

மகிழினி


காலடிப்பேட்டை
14.02.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது.

வலை நூல் என்பது காசிமேட்டில் யாரிடம்தான் இல்லை? டீக்கடைக்காரன் பன் பாக்கெட்டை அதில்தான் கட்டுகிறான். அதை வைத்து ஒருத்தன்மேல் சந்தேகப்படுவது சரியில்லை. கூரைத் துளை காற்றோட்டத்துக்காகக் கம்பெனியே போட்டதாக இருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பதில் போடு.

நைனா


காலடிப்பேட்டை
22.02.2025

மகி,

எட்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. நான்கு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. கம்பெனி பதில் போடாதபோது எனக்குக் கோபம் வந்தது. நீ போடாதபோது சோறு இறங்கவில்லை. முன்னே அனுப்பிய அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. கூரையில் காற்றோட்டத் துளையாம். அதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் தபாலில் போட்டேன் பார், நான் எப்பேர்ப்பட்ட ஆள்.

நான்தான் செய்தேன்.

ஆயுதபூஜை முடிந்து இரண்டு வாரம் "சம்பந்தி லைட்டு, சம்பந்தி லைட்டு" என்று கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிவிட்டது. ஒருநாள் போய் ஆறு லைட்டு வரிசையாக வைத்த பட்டை ஒன்று வாங்கினேன். அவருடையது இரண்டு, என்னுடையது ஆறு. என் கணக்கு அவ்வளவுதான். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், புது வண்டிக் கூரையில் என் கையாலேயே நான்கு துளை போட்டேன். ஹெட்லைட்டுக்குப் போகிற கம்பெனி ஒயரை வெட்டி, முறுக்கி, நூல் சுற்றினேன். பல்லால்தான் இழுத்தேன்.

அன்றைக்கு எண்ணூர் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு வந்தேன் பார், கப்பல் வருகிற மாதிரி இருந்தது. ஹார்பர் கேட்டில் இறங்கினேன். தௌசீஃப் ஓடிவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கேட்டான், "இன்னா மாமு, சம்பந்தி இதுவும் குடுத்தாரா?"

லைட்டை அணைத்துவிட்டு ஐஸ் ஏற்றப் போய்விட்டேன்.

டிசம்பர் மழையில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி ஜாயின்ட்டில் நின்றிருக்கிறது. அதுதான் வெந்தது. வண்டி நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இழுக்கிற வண்டி வருவதற்குள் பட்டையைக் கழற்றி, தௌசீஃப் வண்டியில் மீன் பெட்டிக்கு அடியில் தள்ளி அனுப்பினேன். இப்போது அதே மீன் நாற்றத்தோடு நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. உன் அம்மா ஒரு மாதமாக எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று தேடுகிறாள்.

கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நிலவன் பம்பரைக் காட்டினான். அந்த நேரத்தில் என் வயிற்றில் ஒரு குளிர்ச்சி. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. வாரன்டி போன வருத்தத்தைவிட, அவர் பேர் கெடுகிறது என்கிற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நேற்று மத்தியானம் இராயபுரம் கடைக்குப் போனேன். கல்மண்டபத்தில் பஸ் இறங்கி, கடையைத் தாண்டி இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, வெயில்ல அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டிருக்கிய, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். ஒரு மெக்கானிக்குக்கு போல்ட்டு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"சம்பந்தி, அந்த ஒயர வெட்டுனது நானு. ஒங்க லைட்டு இல்ல."

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. முடித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்து, மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, "தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். டார்ச் அடித்துப் பார்த்த அன்றைக்கே தெரியுமாம். தன் லைட்டு ஒயர் ஒரு கீறல் இல்லாமல் இருந்ததாம். அவருடைய சாமான் அவருக்குத் தெரியாதா என்றார். பிறகு எதற்கு உங்கள் தப்பு என்று கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது மகி. குற்றவாளி நான், கோபமும் எனக்குத்தான் வருகிறது.

அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க பண்ணுனதுன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ள மனசு ஒடஞ்சி போவும்லா. அது வாயத் தொறந்தா எங்க நைனா, எங்க நைனாதான். மாசாமாசம் போறேன், ஒரு நாளாவது என் கதையக் கேக்குமான்னு பாக்கேன். அல்வா குடுத்தா, நைனாவுக்குப் பிடிக்கும்னு பாதிய எடுத்து வைக்கி. எனக்குப் பொம்பளப் பிள்ள இல்ல சம்பந்தி. எனக்கு எரியாதா? அந்த எரிச்சல்லதான் ஒங்க வண்டிக்கு லைட்டே மாட்டுனேன். அப்பவாவது ஒங்களப் பத்திப் பேசும்போது நடுவுல நம்ம பேரு வரட்டும்னு."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன். அவர் செய்ததை நான் மறைத்தால் அதுவும் ஒரு திருட்டுத்தான்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. அவருக்கும் எரிகிறது என்று தெரிந்ததும் என் வயிறு கொஞ்சம் ஆறியது, பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். பஸ் ஏறியதும் அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. செய்யாத தப்புக்கு ஒருத்தர் கையெழுத்துப் போடுகிறார், செய்தவன் நான் போடவில்லை. திரும்பவும் எரிய ஆரம்பித்துவிட்டது. இந்த ஒன்றில் அவருக்குச் சமமாக நிற்க வேண்டுமென்றால் நானும் போட்டால்தான் உண்டு.

வக்கீலிடம் திங்கட்கிழமை ஒன்றும் தாக்கல் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதோடு கம்பெனிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவர்கள் காகிதத்துக்குப் பதில் போடுகிறவர்கள் இல்லை. நீ டைப் செய்து உன் மெயிலில் அனுப்பு. அது போய்ச் சேர்ந்தால் வாரன்டி என்கிற பேச்சு அத்தோடு முடிந்தது. பரவாயில்லை. தௌசீஃபின் மச்சான் வண்டி ஒன்று சும்மா நிற்கிறது, அதை ஓட்டி மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்வேன். சம்பந்தியிடம் ஒயரிங் வாங்கமாட்டேன், அதில் மாற்றமில்லை. அவ்வளவு நல்லவனாக நான் இன்னும் ஆகவில்லை.

நீ என்னிடம் பேச வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தை மட்டும் அனுப்பிவிடு.

நைனா

(இணைப்பு)

மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, என் வண்டியின் கூரையில் வெளி லைட்டுப் பட்டை வைத்ததும், அதற்காகக் கம்பெனி ஒயரை வெட்டிச் சேர்த்ததும், பிறகு பட்டையைக் கழற்றி மறைத்ததும் நானே. பம்பரில் உள்ள லைட்டுக்கும் இந்தப் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இராயபுரம் திரு. ஆசீர்வாதம் அவர்கள் தன் தப்பு என்று எழுதிக் கொடுத்ததை தயவுசெய்து ரத்து செய்யவும். அவர் மேலோ அவர் கடை மேலோ ஒரு குறையும் இல்லை. நான் இப்படிச் செய்ததற்குக் காரணம் பொறாமை. என் மகளின் பாசம் அவர் பக்கம் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

இப்படிக்கு,
கோ. கோதண்டம்


ஓசூர்
26.02.2025

அன்புள்ள நைனா,

உன் கடிதத்தை ஜெரிக்கு நானே படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. வெட்டினதற்கு இல்லை. காற்றோட்டத் துளை என்று எழுதினாயே, அதற்கு. அது போக நாளாகும்.

மாமாவுக்கும் போன் செய்தேன். தெரிந்திருந்தும் என்னிடம் மறைத்தீர்களே, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கத்திவிட்டேன். பாவம், "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். திட்டு வாங்கியதில் உங்கள் இரண்டு பேருக்கும் கூடக் குறைய இல்லை, கவலைப்படாதே.

பரணில் இருக்கிறதை முதலில் எடுத்து வெளியே போடு. அம்மா தினமும் எனக்குப் போன் போட்டு எலியைப் பற்றித்தான் பேசுகிறாள்.

மெயில் நேற்று சாயங்காலம் அனுப்பிவிட்டேன். நீ எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் டைப் செய்தேன், கடைசி இரண்டு வரியைத் தவிர. காரணம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிகளை அனுப்பவில்லை. அவர்களுக்கு அது எதற்கு? நீ அதைக் கம்பெனிக்கு எழுதவில்லை நைனா, எனக்கு எழுதினாய்.

மகிழினி